நின்றிருக்கும்போது வடிவது

மின்கசிவு என்ற சொல்லை நம் நாளிதழ்கள் தீ விபத்துச் செய்திகளுக்கென்றே ஒதுக்கி வைத்துவிட்டன. குடிசை எரிந்தாலும் மின்கசிவு, ஜவுளிக்கடை எரிந்தாலும் மின்கசிவு. அங்கே நிகழ்வது பெரும்பாலும் இரண்டு கம்பிகள் உரசிப் பொறி பறக்கும் குறுக்குச்சுற்று. கசிவு என்ற சொல்லின் இயல்பு அதுவன்று. கசிவது ஓசையின்றிக் கசியும். பானை கசிவதைப் பானையைப் பார்த்து யாரும் அறிவதில்லை. தரையில் ஈரத்தை மிதித்த பிறகே அறிகிறோம். தமிழ் படித்துத் தமிழையே பயிற்றுவித்துப் பிழைக்கும் குடும்பமான எங்களுக்கு இச்சொல்லின் பொருளை ஐயமறக் கற்பித்தது எந்த அகராதியும் அல்ல. பத்தாண்டுகள் ஓடிய ஒரு சிறிய பெட்ரோல் கார்.

காரின் பேட்டரி பற்றி இலக்கிய நண்பர்களிடம் பேச என்ன இருக்கிறது என்று கேட்கலாம். காரணத்தைத் தேடுவது பற்றிப் பேச இருக்கிறது. சற்றுப் பொறுமையுடன் உடன் வர வேண்டுகிறோம்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் நாங்கள் இருவரும் அப்பாவும். அப்பா மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சர்க்கரை நோய். 2022ஆம் ஆண்டின் இறுதியில் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்தன. அன்று முதல் செவ்வாய், வியாழன், சனி என வாரத்தில் மூன்று நாட்கள் டயாலிசிஸ். காலை ஆறு மணி முறை எங்களுடையது. ஐந்தேகாலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால்தான் சரியாக இருக்கும். ஒருமுறைக்கு நான்கு மணி நேரம். பதினொன்றரை மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிடுவோம். கல்லூரிக்குப் போய்வர இருசக்கர வண்டி இருப்பதால், கார் அப்பாவுக்கு மட்டுமே ஓடியது.

2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் முதன்முறையாகக் கார் செல்ஃப் எடுக்கவில்லை. சாவியைத் திருப்பினால் டக் டக்கென்ற ஒலி மட்டும் வந்தது. பேட்டரிக்கு நான்கு வயது ஆகியிருந்ததால், காலம் முடிந்தது என்று கடைக்காரர் சொன்னதில் வியப்பில்லை. மார்ச்சில் புதிய பேட்டரி வந்தது. ஜூன் பிறந்தபோது புதியதும் அதே டக் டக். கடைக்காரர் நல்லவர், உத்தரவாதக் காலம் என்பதால் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார். ஜூலையில் மீண்டும் அதே கதை. பழுது பார்க்கும் நிலையத்தில் பேட்டரியை முழுதாக ஏற்றி, சோதித்து, குறையில்லை என்றார்கள். என்ஜின் ஓடும்போது மின்னழுத்தம் 13.9 வோல்ட் வருகிறது, ஆல்டர்னேட்டரும் சரி என்றார்கள். வண்டியைச் சும்மா நிறுத்தி வைக்காமல் அடிக்கடி ஓட்டுங்கள் என்ற அறிவுரையும் கிடைத்தது.

அந்த ஜூலையின் ஒரு செவ்வாய்க்கிழமையை மறக்க இயலாது. ஐந்தேகாலுக்குக் கார் கிளம்பவில்லை. தெருமுனைக்கு ஓடி ஆட்டோ பிடித்து, அப்பாவை ஏற்றி, மருத்துவமனையை அடைந்தபோது ஆறே முக்கால். அடுத்த முறைக்கான நோயாளி பத்து மணிக்கே வந்து காத்திருப்பார். இயந்திரத்தை அவருக்கு விட்டாக வேண்டும். அப்பாவுக்குக் கிடைத்தது மூன்று மணி நேரம். வெளியேறாத நீர் உடலிலேயே தங்கியது. அன்றிரவு அவரால் படுக்க முடியவில்லை. மூன்று தலையணைகளை முதுகுக்கு அண்டைகொடுத்து உட்கார்ந்தபடி மூச்சு வாங்கினார். நாங்கள் முறைவைத்து விழித்திருந்தோம். பேட்டரி ஒரு சில்லறைத் தொல்லை என்ற நினைப்பு அன்றிரவோடு போயிற்று.

மறுநாள் அப்பா தம்முடைய நோட்டைக் கேட்டார். டயாலிசிசுக்கு முன்னும் பின்னும் எடை எவ்வளவு என்று அவர் எழுதிவரும் நாற்பது பக்க நோட்டு அது. கார் கிளம்பாத நாட்களிலெல்லாம் ஓரத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார். குறிகளை எண்ணினோம். ஏழு. அவற்றுள் ஆறு செவ்வாய்க்கிழமைகள்.

“பேட்டரிக்குக் கிழமை தெரியுமா?” என்று கேட்டார்.

தெரியாது. ஆனால் மணிக்கணக்கு தெரியும். வியாழன் பகல் பதினொன்றரையிலிருந்து சனி காலை ஐந்தேகால் வரை ஏறக்குறைய 42 மணி நேரம். சனி பகலிலிருந்து செவ்வாய் காலை வரை 66 மணி நேரம். வாரத்தின் நீண்ட இடைவெளி அதுதான். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் அந்த நீண்ட இடைவெளிதான் கடினமானது. உடலில் மிகுதியாக நீர் சேர்ந்திருப்பது அதன் முடிவில். அப்பாவின் நோட்டிலும் செவ்வாய்க்கிழமை எடைகளே கூடுதலாக இருந்தன. ஆகவே அவருக்குக் கார் மிகவும் தேவைப்பட்ட காலையிலேயே அது கைவிட்டுக்கொண்டிருந்தது. இதில் விதியோ சகுனமோ இல்லை. இரண்டு கணக்குகளுக்கும் கடிகாரம் ஒன்று, அவ்வளவே.

கார் பேட்டரி பற்றி ஓரிரு செய்திகளைச் சொல்லிவிட்டு மேலே செல்கிறோம். 1859இல் பிரான்சு நாட்டின் காஸ்டன் பிளான்டே உருவாக்கிய ஈய-அமில மின்கலமே, பல திருத்தங்களுடன் இன்றும் பெரும்பாலான கார்களின் பானெட்டுக்குள் இருக்கிறது. ஆறு அறைகள், ஒவ்வொன்றும் இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல். முழுதாக ஏறிய பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட்டையொட்டிக் காட்டும். 12.2 என்றால் பாதி இறங்கிவிட்டது. 12க்கு வந்தால் அடிமட்டம். பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் பன்னிரண்டு வோல்ட் இருக்கிறதே என்று மகிழ இடமில்லை. மேலும், ஈய-அமில பேட்டரியை முற்றாக இறங்கவிடுவது அதற்கு நல்லதன்று. தகடுகளில் ஈய சல்பேட் படிகங்கள் இறுகி, ஏற்றினாலும் முன்போல் ஏறாத நிலை வரும். பழைய பேட்டரி செத்ததால் கார் நின்றது என்று எண்ணியிருந்தோம். கார் இப்படி நின்று நின்றே பேட்டரி செத்திருக்கவும் கூடும்.

நின்றிருக்கும் காரும் சிறிது மின்சாரம் உண்ணும் என்பதைச் சொல்ல வேண்டும். கடிகாரம், ரேடியோவின் நினைவு, என்ஜின் கணினியின் நினைவு, தொலைவிலிருந்து பூட்டைத் திறக்கும் கருவி ஆகியவை தூங்குவதில்லை. இவையெல்லாம் சேர்ந்து 0.02 முதல் 0.05 ஆம்பியர் வரை எடுப்பது இயல்பு. அதற்கு மேலென்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

அப்பா செய்வித்த முதல் சோதனைக்குக் கருவியே தேவைப்படவில்லை. ஒரு சனிக்கிழமை திரும்பி வந்ததும், பேட்டரியை வெளியிலிருந்து முழுதாக ஏற்றி, மைனஸ் கம்பியைப் பத்தாம் எண் ஸ்பேனரால் கழற்றிவிடச் சொன்னார். செவ்வாய் காலை மாட்டினோம். கார் முதல் திருப்பலிலேயே கிளம்பியது. 66 மணி நேரம் தனியே இருந்த பேட்டரி எதையும் இழக்கவில்லை. ஆகவே பேட்டரி குற்றமற்றது. இரண்டு பேட்டரிகளை மாற்றியும் கிடைக்காத செய்தி ஒரு ஸ்பேனரால் கிடைத்தது.

இனி இப்படியே கழற்றி மாட்டிக்கொள்ளலாமே என்று எங்களுக்குத் தோன்றியது. அப்பா ஒப்பவில்லை.

“கழத்தி வச்சா பேட்டரி நிக்கும், சரி. ஓட்டை அப்படியேதான இருக்கு? அது பெருசாகாதுன்னு யாரு சொன்னா?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அளவெடுப்பது என்று முடிவாயிற்று. பரணிலிருந்து அப்பாவின் டாங் டெஸ்டர் இறங்கியது. கம்பியை வெட்டாமல், வாயைத் திறந்து கவ்வியே மின்னோட்டத்தை அளக்கும் கருவி. பணிக்காலம் முழுதும் அவர் தோளில் தொங்கியது. ஆனால் அந்தப் பழைய வகை மாறுமின்னோட்டத்தை மட்டுமே அறியும். பேட்டரியின் நேர்மின்னோட்டத்துக்கு அது குருடு. தம் கையால் அதைத் துடைத்து மீண்டும் உறையிலிட்டுவிட்டு, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்கிவரச் சொன்னார்.

முறை இதுதான். பானெட்டைத் திறந்து வைக்க வேண்டும். கதவுகள் மூடியிருப்பதாகக் கார் எண்ண வேண்டும். அதற்காகத் திறந்திருக்கும் கதவின் பூட்டு நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் தள்ளி மூடி வைத்தோம். சாவி காரிலிருந்து விலகி இருக்க வேண்டும். மீட்டரின் சிவப்புக் கம்பியைப் பத்து ஆம்பியர் துளையில் செருக வேண்டும். பிறகு மைனஸ் கம்பியைக் கழற்றி, அந்தக் கம்பிக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மீட்டரை வைக்க வேண்டும். காரிலிருந்து போகும் மின்சாரம் முழுதும் இனி மீட்டர் வழியாகத்தான் போக முடியும். இந்நிலையில் யாரும் சாவியைத் திருப்பிவிடக் கூடாது. திருப்பினால் மீட்டரின் பியூஸ் போய்விடும்.

மாட்டியவுடன் மீட்டர் 1.8 என்று காட்டியது. கண்டுபிடித்துவிட்டோம் என்று நாங்கள் நிமிர்ந்தோம். போர்டிகோவில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்த அப்பா கையை உயர்த்தி இருக்கச் சொன்னார். மின்சாரம் மறுபடி வந்ததும் காரின் கணினிகள் விழித்துக்கொள்ளும். அவை மீண்டும் உறங்கிய பின் வரும் எண்ணே எண். சில கார்கள் சில நிமிடங்களில் உறங்கும். சிலவற்றுக்கு முக்கால் மணி நேரமும் ஆகும். அரை மணி நேரம் காத்திருந்தோம். யாரும் காரைத் தொடவில்லை. பத்தாம் நிமிடத்தில் எண் 0.29க்கு இறங்கியது. அங்கேயே நின்றது.

இந்தக் காத்திருப்பே இந்தத் தேடலின் உயிர் என்று நினைக்கிறோம். பேட்டரிக்கடையிலும் பழுது பார்க்கும் நிலையத்திலும் யாரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் ஓடும் வண்டியைச் சோதித்தார்கள். எங்கள் வண்டியின் குறையோ அது ஓடாதபோது மட்டும் இருந்தது. எதுவும் நடக்காத நேரத்தில் நடக்கும் ஒன்றைக் காண வேண்டுமென்றால், எதுவும் நடக்காத அந்த நேரத்துக்குள் நாமும் போய் அமர்ந்தாக வேண்டும். அதற்கு யாரிடம் அரை மணி நேரம் இருக்கிறது? வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஒரே கட்டிலில் கிடந்து பழகிய அப்பாவிடம் இருந்தது.

பிறகு பியூஸ்களை ஒவ்வொன்றாக உருவினோம். எதை உருவும்போது எண் சரிகிறதோ, ஓட்டை அந்த வழியில் இருக்கிறது. பொதுவாகச் சிக்கும் குற்றவாளிகள் சில உண்டு. டிக்கிக்குள் அணையாத விளக்கு, டேஷ்போர்டுப் பெட்டியின் விளக்கு, ஒட்டிக்கொண்ட ரிலே, வெளியில் பொருத்திய ஸ்டீரியோவில், சாவியோடு அணைய வேண்டிய சிவப்புக் கம்பியையும் எப்போதும் மின்சாரம் இருக்க வேண்டிய மஞ்சள் கம்பியையும் ஒன்றாக முறுக்கிவிட்டிருப்பது, பின்னால் சேர்த்த கேமரா, அலாரம் போன்றவை. எங்கள் காரில் அறைவிளக்கும் ரேடியோவும் சேர்ந்த பியூஸை எடுத்தபோது 0.29 என்பது 0.26 ஆயிற்று. அது இயல்பான பங்கு. மற்றவற்றில் ஓர் அசைவும் இல்லை. உள்ளே இருந்தவை முடிந்தன. பானெட்டுக்குள் இருந்த சிறு பியூஸ்களும் ரிலேக்களும் முடிந்தன. எல்லாம் ஒரு தட்டில் குவிந்து கிடந்தன. மீட்டர் மாறாமல் 0.26 காட்டியது.

66 மணி நேரத்துக்கு 0.26 ஆம்பியர் என்றால் ஏறக்குறைய 17 ஆம்பியர்-மணி. பேட்டரியின் கொள்ளளவு 35. ஆறு கிலோமீட்டர் போய்வரும் ஓட்டத்தில் முழுதாக நிரம்பாத பேட்டரியிலிருந்து பாதிக் கொள்ளளவு போனால் எஞ்சுவது என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. செவ்வாய்க்கிழமையின் மர்மம் விலகியது. வழி மட்டும் தெரியவில்லை.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் இருந்தார். பிறகு, “இந்தச் சின்னப் பியூசு எதையும் தொடாம பேட்டரிக்குப் போற கம்பி எது எது?” என்று கேட்டார்.

இரண்டே இரண்டு. ஒன்று செல்ஃப் மோட்டாருக்கு. மற்றொன்று ஆல்டர்னேட்டருக்கு, அதாவது பட்டறைகளில் இன்னும் டைனமோ என்று சொல்லப்படுவதற்கு. மீட்டரை எடுத்துவிட்டு, பேட்டரி முழுதாகத் துண்டிக்கப்பட்டிருப்பதை உறுதிசெய்துகொண்டு, ஆல்டர்னேட்டரின் தடித்த கம்பியை நட்டுக் கழற்றி விலக்கி, அதன் நுனியில் டேப் சுற்றினோம். பியூஸ்களை இடத்தில் வைத்தோம். மீட்டரை மாட்டி மறுபடி அரை மணி நேரம் காத்திருந்தோம். 0.03.

பேட்டரியை நிரப்புவதற்கென்றே இருக்கும் கருவி, நின்றிருந்த நேரமெல்லாம் பேட்டரியைக் குடித்துக்கொண்டிருந்தது.

இது எப்படி இயலும் என்பதை மறுநாள் பட்டறையில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் பிரித்துக் காட்டினார். ஆல்டர்னேட்டர் உண்டாக்குவது மாறுமின்னோட்டம். அதை ஒரே திசையில் ஓடச் செய்து பேட்டரிக்கு அனுப்புபவை அதனுள் ஒரு தகட்டில் பதிந்த டயோடுகள். டயோடு ஒரு வழிக் கதவு. என்ஜின் ஓடும்போது மின்சாரத்தை வெளியே விடும். என்ஜின் நின்றதும் பேட்டரியிலிருந்து எதுவும் உள்ளே திரும்பிவராமல் தடுக்கும். முதல் வேலையை மட்டுமே நாம் கவனிக்கிறோம். இரண்டாவது வேலை, சும்மா நின்று தடுப்பது. அது சரியாக நடக்கும்வரை அப்படியொரு வேலை இருப்பதே தெரிவதில்லை. எலக்ட்ரீஷியன் மீட்டரின் முனைகளை முன்னும் பின்னுமாக வைத்துப் பார்த்தார்.

“அண்ணாச்சி, நீங்க சொன்னதுதான். ஒரு டயோடு ரெண்டு பக்கமும் காட்டுது. முழுசாப் போயிருந்தா சார்ஜே ஏறாது, அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். இது லேசாத்தான் கசியுது, அதனாலதான் யாருக்கும் தெரியல.”

டயோடு பிளேட்டை மாற்றினார். அன்று மாலை மீண்டும் அளந்தோம், 0.03. அதற்குப் பின் நோட்டின் ஓரத்தில் பெருக்கல் குறி விழவில்லை. பேட்டரியும் அதேதான் இருக்கிறது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அப்பா நெடுநேரம் பேசவில்லை. பாலத்தைக் கடக்கும்போது, “என் கிட்னியும் இதேதான்” என்றார். அவர் சொன்னது உவமை நயத்துக்காக அன்று. மருத்துவப்படியும் அது சரியானது. சிறுநீரகத்தின் வடிகட்டிகள் கழிவை வெளியே விட வேண்டும், அல்புமின் என்ற புரதத்தை உள்ளே தடுத்து நிறுத்த வேண்டும். ஆண்டுக்கணக்கில் சர்க்கரை மிகுந்த குருதி அவற்றைச் சேதப்படுத்தும்போது, முதலில் அந்தத் தடுப்பு தளர்கிறது. சிறிதளவு அல்புமின் சிறுநீரில் கசிகிறது. வலி இல்லை, வீக்கம் இல்லை, குருதியில் கிரியாட்டினின் அளவும் இயல்பாகவே இருக்கும். ஓடும் வண்டியைச் சோதித்தால் எல்லாம் சரி. கசிவை அளக்க ஒரு சிறுநீர்ப் பரிசோதனை இருக்கிறது. ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராம் அல்புமினுக்குள் இருந்தால் இயல்பு. 30 முதல் 300 வரை என்றால் தொடக்கநிலைக் கசிவு. அந்த நிலையில் பிடித்தால் சர்க்கரையையும் குருதியழுத்தத்தையும் கட்டுப்படுத்தியும், அதற்கென உள்ள மருந்துகளாலும் சேதத்தின் வேகத்தைப் பெரிதும் குறைக்க இயலும்.

“எங்க காலத்துல சர்க்கரைதான் பாத்தாங்க. கசியுறத யாரு அளந்தா?” என்றார் அப்பா. குரலில் குறைசொல்லும் தொனி இல்லை. மின்கம்பத்தில் ஏறி இறங்கிய மனிதர். எதையும் அளவாகவே பார்ப்பவர். அடுத்து அவர் சொன்னதுதான் எங்களை அசைத்தது. “டயோடுக்கு ஒரு பிளேட் வாங்கிப் போட்டாச்சு. இதுக்கு மாத்து இல்ல. நீங்க ரெண்டுபேரும் போய் அளந்து பாருங்க.”

நாங்கள் இருவரும் நாற்பதைக் கடந்தவர்கள். இருவர் வீட்டிலும் சர்க்கரை உண்டு. எங்களிருவருக்கும் அது எல்லைக்கோட்டில் இருந்துகொண்டிருந்தது, தொல்லை ஏதுமில்லை. அந்த வாரமே பரிசோதனை செய்துகொண்டோம். ஒருவருக்கு 12. மற்றவருக்கு 41. யாருக்கு எது என்பது இங்கே தேவையில்லை. ஒருமுறை பார்த்து முடிவு செய்ய இயலாது. காய்ச்சலோ கடும் உடற்பயிற்சியோ கூட எண்ணை உயர்த்திவிடும், ஆகவே மூன்று மாதத்துக்குள் இன்னும் இருமுறை பாருங்கள் என்றார் மருத்துவர். பார்த்தோம். 38, பிறகு 44. கசிவு உண்மைதான் என்று உறுதியாயிற்று. மாத்திரை தொடங்கியது; உப்பு குறைந்தது; மாலை நடை தொடங்கியது. கடந்த ஆண்டு பார்த்தபோது 26.

டயோடு கசிந்தபோது செய்ததையே இப்போதும் செய்கிறோம்: காத்திருந்து அளப்பது, அளந்ததை எழுதி வைப்பது. அப்பாவுக்குச் செவ்வாய், வியாழன், சனி தொடர்கிறது. அவருடைய நோட்டு மூன்றாவது நோட்டாகிவிட்டது. எடைகள் ஒரு பக்கம் இருக்க, அட்டையின் உட்புறத்தில் அவர் கையெழுத்தில் இரண்டு வரிகள் உள்ளன. ஒன்று, காரின் கடைசி அளவு: 0.03. அதன் கீழே அடுத்த சிறுநீர்ப் பரிசோதனைக்கான தேதி.